எஜமானின் எஜமான்

மதுரையிலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில் ஏறி, திருமங்கலத்தையும் தாண்டிச் சென்றால், கரிசல் காடுகளுக்கு நடுவே டி. கல்லுப்பட்டி வரும். பருத்தியும் சோளமும் கம்பும் விளையும் பூமி. மழை பெய்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்து சேரும் மண். 1976-ஆம் ஆண்டு வாக்கில் தொல்லியல் துறையார் இங்கே தோண்டிப் பார்த்து, கறுப்பு சிவப்பு மண்கலங்களை எடுத்தார்கள். ஆகவே மனிதர்கள் இந்த ஊரில் அடுப்பு மூட்டிச் சமைக்கத் தொடங்கி ஆயிரக்கணக்கான வருஷங்கள் ஆகின்றன என்று தாராளமாகச் சொல்லலாம். நான் சொல்ல வந்த விஷயமும் சமையலில்தான் ஆரம்பமாகிறது.

என் பழைய நண்பர் ஒருவர் அங்கே குடியிருக்கிறார். அவருடைய மகள் என்னைப் ‘பெரியப்பா’ என்று அழைப்பாள். பட்டம் பெற்றவள். வேலை கிடைக்கவில்லை என்று சும்மா உட்கார்ந்திருக்காமல், செல்போனை ஒரு செங்கலின் மேல் சாய்த்து வைத்து, தன் அப்பத்தா கம்பங்களி கிண்டுவதையும், குதிரைவாலிச் சோறு வடிப்பதையும், சுண்டவற்றல் வறுப்பதையும் படம் பிடித்து யூட்யூபிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டுக்கொண்டு வருகிறாள். பதினோராயிரம் பேர் அவளைத் தொடர்கிறார்கள். லட்சமும் கோடியும் பேசப்படும் அந்த உலகத்தில் இது சின்னக் கடைதான். ஆனால் பதினோராயிரம் பேரை நேரில் கூட்டினால் கல்லுப்பட்டிக் கடைவீதி தாங்குமா, நீங்களே சொல்லுங்கள்!

சென்ற முறை நான் போயிருந்தபோது அந்த வீட்டில் ஒரு சங்கடம் நடந்துகொண்டிருந்தது. சமையல் எண்ணெய்க் கம்பெனி ஒன்று அவளுக்குக் கடிதம் எழுதியிருந்தது. ஒரு நிமிஷப் படம், ஆறாயிரம் ரூபாய், ஒரு பெட்டி எண்ணெயும் இனாம். ஒரே ஒரு நிபந்தனை. “எங்கள் வீட்டில் நாற்பது வருஷமாக இந்த எண்ணெய்தான்” என்று அப்பத்தா தன் வாயால் சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனி பிறந்தே மூன்று வருஷம்தான் ஆகிறது என்பது அவர்கள் அனுப்பிய கடிதத்திலேயே அச்சாகியிருந்தது!

“செக்கெண்ணெயைத் தவிர வேற எண்ணெயை நான் தொட்டதில்லையே, தாயி” என்றாள் கிழவி.

மகள் என் பக்கம் திரும்பினாள். “தம்பிக்கு ஹாஸ்டல் பணம் கட்டணும், பெரியப்பா. சரியா ஆறாயிரம்தான். சினிமாக்காரங்க சொல்றாங்க, கிரிக்கெட் ஆடுறவங்க சொல்றாங்க, எழுத்தாளருங்ககூடச் சொல்லியிருக்காங்க. நாங்க சொன்னா மட்டும் தப்பா?”

‘எழுத்தாளருங்ககூட’ என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அது என்னைச் சுட்டது. ஏன் சுட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன். “காலையில் பேசிக்கொள்ளலாம்” என்று தப்பித்துக்கொண்டு, மாலை நேரத்தில் காந்தி நிகேதன் ஆசிரமத்துப் பக்கம் நடந்தேன். நடந்துகொண்டே நினைத்துப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

*

பிறர் பொருளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிப் பிழைப்பது இன்று நேற்று வந்த தொழில் அல்ல. நம்முடைய சங்கப் புலவர்களும் பாணர்களும் பொருநர்களும் அதைத்தான் செய்தார்கள் என்று யாராவது சொன்னால், நான் சண்டைக்குப் போகமாட்டேன். பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து பாட்டு, ஆற்றுப்படை என்னும் இனத்தைச் சேர்ந்தது. பரிசு பெற்றுத் திரும்புகிற பாணன் ஒருவன், வறுமையோடு எதிரே வருகிற இன்னொரு பாணனைப் பார்க்கிறான். “நீயும் அந்த வள்ளலிடம் போ, இந்த வழியாகப் போ, உனக்கும் கிடைக்கும்” என்று வழிகாட்டுகிறான். கரிகாலனுக்கும், நல்லியக்கோடனுக்கும், தொண்டைமான் இளந்திரையனுக்கும், நன்னனுக்கும் இப்படிக் கிடைத்த புகழ்தான் இரண்டாயிரம் வருஷமாக நிற்கிறது. இன்றைய கம்பெனிக்காரர்கள் எவ்வளவு செலவு செய்தாலும் இப்படி ஒரு விளம்பரம் வாங்க முடியாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாணன் தான் உண்ட விருந்தைத்தான் சொல்கிறான். தான் உடுத்த துணியைத்தான் காட்டுகிறான். தான் ஏறி வந்த தேரைத்தான் சுட்டுகிறான். பரிசு வாங்கியவன் பேசுகிறான் என்பது கேட்கிறவனுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. அதில் ஒளிவு மறைவு கிடையாது. “நான் வாங்கினேன், ஆகையால் சொல்கிறேன்” என்பதுதான் பாட்டின் அஸ்திவாரமே.

புலவர்களில் ரோஷக்காரர்களும் இருந்தார்கள். பெருஞ்சித்திரனார் என்று ஒருவர். குடும்பத்தில் கொடிய வறுமை. அதியமான் நெடுமான் அஞ்சியைப் பார்க்கப் போனார். ஏதோ காரணத்தால் அரசன் அவரைப் பார்க்காமலே பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் அதைத் தொடவில்லை. தம்மைக் கண்டு, தம் தகுதியை அறிந்து கொடுத்தால் தினையளவாயினும் போதும்; முகம் பாராமல் கொடுப்பதை வாங்கிக்கொள்ளத் தாம் வியாபாரி அல்ல என்று பாடிவிட்டுப் போனார். புறநானூற்றில் 208-ஆம் பாட்டு அது. பசியோடு இருந்தவர் சொன்னது என்பதால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு. வயிறு நிறைந்தவன் வேண்டாம் என்று சொல்வதில் பெருமை ஒன்றும் இல்லை.

*

அரசர்கள் போனார்கள். அவர்களுடைய இடத்தில் சோப்பும் தைலமும் பற்பொடியும் வந்து உட்கார்ந்தன.

இங்கிலாந்தில் இதைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர் ஜோஸையா வெட்ஜ்வுட் என்ற குயவர். 1760-களில் ராணி ஷார்லட் அவரிடம் பாத்திரங்கள் வாங்கினாள். உடனே அவர் அந்த ரகத்துக்கே ‘ராணியின் பாத்திரம்’ என்று பெயர் வைத்துவிட்டார்! பிறகென்ன? சீமான்களும் சீமாட்டிகளும் வரிசையில் நின்றார்கள். அடுத்த நூற்றாண்டில், 1880-களில், லில்லி லாங்ட்ரி என்ற நாடக நடிகை பேர்ஸ் சோப்புக்காகத் தன் பெயரையும் முகத்தையும் கொடுத்தாள். ராணி இருந்த இடத்துக்கு நடிகை வந்தது அன்றுதான்.

நம் நாட்டில் நடந்த கதை இன்னும் ருசியானது. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் என்ற ஆந்திரர் 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தைலத்தைத் தயாரித்தார். பெரிய நடிகை யாரையும் அவர் பிடிக்கவில்லை. சங்கீதக் கச்சேரிகளுக்கு வருகிறவர்களுக்கு டப்பாக்களை இலவசமாகக் கொடுத்தார். கச்சேரி முடிந்து வீட்டுக்குப் போகிற ரசிகர்கள் மறுநாள் நாலு பேரிடம் சொல்லாமல் இருப்பார்களா? அந்த லாபத்தில் அவர் 1908-ல் ‘ஆந்திர பத்திரிகை’ என்ற பத்திரிகையையே நடத்தத் தொடங்கினார். தலைவலித் தைலம் பத்திரிகையைப் பெற்றெடுத்தது. பத்திரிகைகள் அதற்குப் பிறகு எத்தனை தலைவலிகளைப் பெற்றெடுத்தன என்பது வேறு கதை!

தமிழ்ப் பத்திரிகை உலகத்திலும் இதே உறவுதான். எஸ். எஸ். வாசன் விளம்பர ஏஜெண்டாகவும், தபால் மூலம் சாமான் விற்பவராகவும் வாழ்க்கையைத் தொடங்கியவர். 1928-ல் அவர் ‘ஆனந்த விகடன்’ பத்திரிகையை இருநூறு ரூபாய்க்கு வாங்கினார். அந்த வாரப் பத்திரிகையில்தான் பின்னால் நம் தாத்தாக்களும் பாட்டிகளும் தொடர்கதை படித்து அழுதார்கள். விளம்பரம் இல்லாவிட்டால் அந்த அழுகைக்கே இடமில்லாமல் போயிருக்கும்.

பெரியவர்களும் இதிலிருந்து விலகி நிற்கவில்லை. மகாகவி ரவீந்திரநாத் தாகூர், மிருகக் கொழுப்புச் சேராத கோத்ரெஜ் சோப்பைப் பாராட்டித் தம் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்தார். உள்நாட்டு மைக்கும் ஒரு நல்ல வார்த்தை சொன்னார். சுதேசித் தொழில் வளர வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது. 1941-ல் லீலா சிட்னிஸ் என்ற ஹிந்தி நடிகை லக்ஸ் சோப்பின் விளம்பரத்தில் தோன்றினார். அந்த சோப்புக்கு முகம் கொடுத்த முதல் இந்திய நட்சத்திரம் அவர்தான். அதற்குப் பிறகு அந்த வரிசை நிற்கவே இல்லை.

*

எங்கள் மதுரைச் சீமையில் என் வயதுக்காரர்களுக்கு விளம்பரம் என்றால் முதலில் கண்ணில் தோன்றுவது படம் அல்ல. காதில் கேட்பது குரல்.

1952-ல் கேஸ்கர் மத்திய ஒலிபரப்பு மந்திரியாக வந்தார். சினிமாப் பாட்டு ஜனங்களைக் கெடுக்கிறது என்று கருதி, அகில இந்திய ரேடியோவில் அதன் வாயைக் கட்டினார். ஜனங்கள் கெட்டுப்போவதென்று தீர்மானித்த பிறகு யாரால் தடுக்க முடியும்? ரேடியோ முள்ளைக் கொஞ்சம் திருப்பினார்கள். கடலுக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலி பாடியது. அதன் வர்த்தக ஒலிபரப்பு 1950-லேயே தொடங்கியிருந்தது. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்களின் குரல் ராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களில் சொந்தக்காரர் குரல் மாதிரி ஆகிவிட்டது. மதுரையில் தயாரான கோபால் பல்பொடியைப் பற்றி மதுரைக்காரர்களே கொழும்பு வழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டோம் என்றால், இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். இந்திய அரசாங்கம் 1957-ல் விவித பாரதியைத் தொடங்கி, 1967-ல் அதில் விளம்பரத்தையும் அனுமதித்தது. அதற்குள் பதினைந்து வருஷ வியாபாரம் கடல் கடந்து போய்விட்டது.

அந்தக் கொழும்பு வானொலியில்தான் 1952 டிசம்பரில் ‘பினாகா கீத்மாலா’ என்ற ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. பினாகா என்பது பற்பசையின் பெயர். நிகழ்ச்சியை நடத்தியவர் அமீன் சயானி என்ற இருபது வயது இளைஞர். வாரத்துக்கு அவருடைய சம்பளம் இருபத்தைந்து ரூபாய். நேயர்களிடமிருந்து நாற்பது, ஐம்பது கடிதம் வந்தால் அதிகம் என்று நினைத்தார்கள். முதல் நிகழ்ச்சிக்கே ஒன்பதாயிரம் கடிதங்கள் வந்தன! அத்தனையையும் பிரித்துப் படிக்க வேண்டியதும் அந்த இளைஞரின் வேலைதான்.

கல்லுப்பட்டிப் பெண்ணுக்கு இந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கம்பெனியின் பெயரோடு தன் குரலைச் சேர்த்துக்கொண்ட சின்னக் கலைஞன் அவர். கூலி குறைவு, உழைப்பு அதிகம். ஆனால் ஏமாற்று எங்கேயும் இல்லை. நிகழ்ச்சியின் நெற்றியிலேயே பற்பசையின் பெயர் எழுதியிருந்தது. பற்பசை பணம் கொடுக்கிறது, அதனால் பாட்டுக் கேட்கிறோம் என்பது கேட்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். “ஐம்பது வருஷமாக இந்தப் பசையில்தான் பல் துலக்குகிறேன்” என்று அந்த இருபது வயதுப் பையனைச் சொல்லச் சொன்னவர் யாரும் இல்லை.

*

இப்படி நினைத்துக்கொண்டே போனபோது ஆசிரமத்து வாசல் வந்துவிட்டது. வேங்கடாசலபதி என்ற காந்தி பக்தர் 1940-ல் தொடங்கிய ஆசிரமம் இது. 1953-ல் இங்கே வந்து குடிசை போட்டுக்கொண்டு தங்கியவர் ஜே. ஸி. குமரப்பா.

குமரப்பாவைப் பற்றி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதிகம் தெரியாது. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்கு வித்தை கற்றவர். பம்பாயில் ஆடிட்டராக நன்றாகச் சம்பாதித்தவர். அமெரிக்காவில் வியாபாரமும் பொதுநிதியும் படித்து, இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று ஆராய்ந்து எழுதியவர். அந்த ஆராய்ச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு 1929 மே மாதம் காந்திஜியைப் பார்க்கப் போனார். போனவர் திரும்பவே இல்லை. கோட்டும் சூட்டும் போய், கதர் வந்தது.

கணக்கில் மகா கண்டிப்புக்காரர். 1934-ல் பீஹார் பூகம்ப நிவாரணத்தின் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டர் ஒருவருக்கு ஒரு நாள் செலவுக்கு மூன்றணா என்று அவர் வைத்த விதி. அந்தச் சமயத்தில் காந்திஜி தம் பரிவாரத்தோடு அங்கே வந்தார். அவர்களுடைய சாப்பாட்டுச் செலவும் மோட்டார்ச் செலவும் நிவாரண நிதியில் ஏறாது என்று குமரப்பா சொல்லிவிட்டார். மகாத்மாவும் அதை ஒப்புக்கொண்டார். எந்தப் பணம் யாருக்காக வந்ததோ அவருக்கே போய்ச் சேர வேண்டும். நடுவில் எவ்வளவு பெரிய மனிதர் நின்றாலும் சரி.

அவருடைய குருநாதரோ, விளம்பரம் என்றாலே விலகி நின்றவர். தென்னாப்பிரிக்காவில் 1903-ல் ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை தொடங்கியபோது அதில் விளம்பரங்கள் இருந்தன. பிறகு காந்திஜி அவற்றை நிறுத்திவிட்டார். பின்னால் நடத்திய ‘யங் இந்தியா’விலும் ‘நவஜீவன்’னிலும் விளம்பரம் கிடையாது. வாசகனின் சந்தாவைக் கொண்டே பத்திரிகை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அது யாருக்கும் தேவைப்படவில்லை என்று அர்த்தம் என்பது அவர் கட்சி.

எல்லோராலும் காந்திஜியாக முடியுமா? முடியாது. அதைக் குமரப்பாவும் அறிவார். சிறையில் இருந்து எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’ என்ற நூலில் அவர் சம்பாத்தியத்தை ஐந்து படிகளாகப் பிரித்தார். பிற உயிரைக் கொன்று தின்னும் புலியின் பிழைப்பு அடிப்படி. தோட்டத்தில் ஒரு செடியும் நடாமல் பழத்தை மட்டும் பறித்துப் போகும் குரங்கின் பிழைப்பு இரண்டாவது. தன் உழைப்பால் தன் கூட்டைக் கட்டுவது மூன்றாவது. தேனீக்கள் போலக் கூட்டத்துக்காகச் சேர்ந்து உழைப்பது நான்காவது. பலன் கருதாமல் குஞ்சுக்கு ஊட்டும் தாயின் தொண்டு ஐந்தாவது. எல்லோரும் ஐந்தாவது படியில் ஏறி நிற்க வேண்டும் என்பதில்லை. முதல் இரண்டு படிக்கு இறங்காமல் இருந்தால் அதுவே பெரிய காரியம்.

விளம்பரம் எந்தப் படி? தான் சமைத்துப் பார்த்து, நல்லது என்று கண்ட எண்ணெயைக் கூலி வாங்கிக்கொண்டு, கூலி வாங்கியதையும் சொல்லிப் புகழ்ந்தால் அது மூன்றாவது படி, கௌரவமான உழைப்பு. தொடாத எண்ணெயை நாற்பது வருஷம் தொட்டதாகச் சொன்னால் அது இரண்டாவது படி. அங்கே பறிக்கப்படுவது பழம் அல்ல. பதினோராயிரம் பேரின் நம்பிக்கை.

குமரப்பாவின் குடிசையில் இருந்த படங்களைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். ஒன்று காந்திஜியின் படம். வருகிறவர்களுக்கு அதைக் காட்டி, “இவர் என் எஜமான்” என்பாராம். பக்கத்தில் ஓர் ஏழைக் குடியானவனின் படம். அதைக் காட்டி, “இவர் என் எஜமானின் எஜமான்” என்பாராம். 1960 ஜனவரி 30-ஆம் தேதி, காந்திஜி மறைந்த அதே நாளில், குமரப்பா சென்னையில் காலமானார். கல்லுப்பட்டியில் அந்தச் சொல் மட்டும் தங்கிவிட்டது.

*

மறுநாள் காலையில் அந்தப் பெண்ணிடம் உட்கார்ந்து அவளுடைய தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்குத் தெரிந்தது புறநானூறு. அவளுக்குத் தெரிந்தது நடப்பு.

யூட்யூப் தானாகக் கொடுக்கும் விளம்பரப் பங்கு வேண்டுமானால், 2018-ல் வந்த விதிப்படி, ஆயிரம் பேர் சந்தாதாரர்களாக இருக்க வேண்டும். ஒரு வருஷத்தில் நாலாயிரம் மணி நேரம் ஜனங்கள் பார்த்திருக்க வேண்டும். அதைத் தாண்டினாலும் அவளைப் போன்ற சின்னவர்களுக்கு வருவது உப்புக்கும் புளிக்கும்தான் காணும். ஆகையால்தான் கம்பெனிகள் நேரே கொடுக்கும் கூலியை நம்ப வேண்டியிருக்கிறது. கம்பெனிகளுக்கும் சின்னவர்கள் பேரில் ஒரு பிரியம் உண்டு. நட்சத்திரம் சொன்னால் ஜனங்கள் ரசிக்கிறார்கள். பக்கத்து வீட்டு அப்பத்தா சொன்னால் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் சரக்கு. எண்ணெய் அல்ல.

கஷ்டங்களையும் சொன்னாள். சில பேர் பணமே கொடுப்பதில்லை. இரண்டு பாக்கெட் மசாலாவை அனுப்பிவிட்டுப் படம் எடுக்கச் சொல்கிறார்கள். சில பேர் ஒரு தடவை எடுத்த படத்தைக் காலமெல்லாம் தங்கள் விளம்பரத்தில் போட்டுக்கொள்ள உரிமை கேட்கிறார்கள். சில பேர், “ஆறு மாதம் வேறு எந்த எண்ணெயைப் பற்றியும் பேசக்கூடாது” என்கிறார்கள். அந்த ஆறு மாதத்துக்கு மட்டும் கூலி கிடையாது. நடுவில் தரகர் வேறு. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், எத்தனை படம், எத்தனை நாள் உபயோகம், பணம் எந்தத் தேதியில் என்ற மூன்றையும் எழுதி வாங்காவிட்டால் அவ்வளவுதான்.

வீடு நம்முடையது அல்ல, வாடகை வீடு என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. 2020 ஜூன் 29-ஆம் தேதி இந்திய அரசாங்கம் டிக்டாக் செயலியைத் தடை செய்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதை நம்பி ஆடியும் பாடியும் பெயர் வாங்கியிருந்தவர்கள் ஒரே ராத்திரியில் மேடையில்லாமல் நின்றார்கள். அதே சமயத்தில் புதுக்கோட்டை ஜில்லா சின்னவீரமங்கலத்தில், ஒரு தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்து யூட்யூபில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ என்ற அவர்களுடைய மேடை 2021-ல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தாண்டியது. கொரோனா நிவாரணத்துக்காக முதலமைச்சரிடம் பத்து லட்ச ரூபாய் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அடுப்பு ஒன்றுதான், காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பது யாருக்குத் தெரியும்?

சர்க்காரும் விழித்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 2009-லேயே, பணம் வாங்கி எழுதுகிறவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விதிமுறையைத் திருத்தினார்கள். இங்கே விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021 ஜூன் முதல் அதே கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொய் விளம்பரத்துக்கு வாய் கொடுத்தவருக்கும் பத்து லட்ச ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை போகலாம். ஒரு வருஷம், மூன்று வருஷம் என்று எந்தப் பொருளையும் புகழக்கூடாது என்று தடை போடவும் அதிகாரம் உண்டு. தாம் சொல்வது உண்மைதானா என்று முன்கூட்டி விசாரித்துப் பார்த்தவருக்கு மட்டும் விலக்கு. 2023 ஜனவரியில் மத்திய சர்க்கார் வெளியிட்ட குறிப்பில் எனக்குப் பிடித்த ஒரு வாக்கியம் இருக்கிறது: எந்த மொழியில் புகழ்கிறார்களோ, அந்த மொழியிலேயே கூலி வாங்கியதையும் சொல்ல வேண்டும் என்கிறது. தமிழில் புகழ்ந்துவிட்டு, மூலையில் பூச்சி மாதிரி இங்கிலீஷில் எழுதி ஒளித்து வைக்கக்கூடாது. நம்முடைய பாணன் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் தானாகச் செய்ததை இப்போது சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனாமாக வந்த சாமானும் வருமானம்தான் என்று 2022 ஜூலை முதல் வரிக்காரர்களும் கணக்கில் எடுக்கத் தொடங்கினார்கள். வருஷத்துக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பொருளை ஒரு கம்பெனி கொடுத்து, வாங்கியவர் அதைத் தாமே வைத்துக்கொண்டால் பத்து சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். திருப்பிக் கொடுத்துவிட்டால் இல்லை. ஆடிட்டர் குமரப்பா இருந்திருந்தால் மெச்சியிருப்பார்.

*

“எல்லாம் சரி, பெரியப்பா. நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டாள்.

அப்போதுதான் என் கதையைச் சொன்னேன். 1980-களின் தொடக்கம். என்னுடைய தொடர்கதை ஒன்று வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் பெயர் ஏற்பட்டிருந்த சமயம். கூந்தல் தைலம் விற்கிறவர் ஒருவர் வந்து, என் கதாநாயகியின் நீண்ட கூந்தலைப் பாராட்டிவிட்டு, தம் தைலத்தைப் பற்றி இரண்டே வரி எழுதிக் கேட்டார். முந்நூறு ரூபாய் மேஜை மேல் வைத்தார். வீட்டில் மனைவி பிரசவத்துக்கு இருந்தாள். எழுதினேன். ‘எங்கள் இல்லத்தில் எப்போதும் இருப்பது’ என்று எழுதினேன். அந்தப் புட்டியின் மூடியைக்கூட நான் திறந்து பார்த்ததில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு வாசகியின் கடிதம் வந்தது. டைபாய்டு ஜுரத்தில் முடியெல்லாம் கொட்டிவிட்டதாம். என் எழுத்தில் அவளுக்கு நம்பிக்கையாம். நான் எழுதியிருந்ததைப் பார்த்து, சீட்டுப் பணத்திலிருந்து எடுத்து மூன்று புட்டி வாங்கித் தடவினாளாம். பலன் இல்லையாம். அதற்காக அவள் என்னைத் திட்டவில்லை. “நான் தடவுகிற முறையில் ஏதாவது தப்பு இருக்குமா? உங்கள் வீட்டில் எப்படித் தடவுகிறார்கள் என்று எழுத முடியுமா?” என்று கேட்டிருந்தாள்.

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது? அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என் கதைகளைப் புகழ்ந்து எழுதினார்கள். அந்த ஒரு கடிதம்தான் எழுத்து எழுத்தாக நினைவில் இருக்கிறது.

அவள் ஒன்றும் பேசவில்லை. அப்பத்தாதான் உரலுக்குப் பக்கத்திலிருந்து, “அந்தப் பிள்ளைக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்ல, அய்யா” என்றாள். நாற்பது வருஷம் கழித்து வந்த தீர்ப்பு!

மத்தியானம் அந்தப் பெண் கம்பெனிக்குப் பதில் அனுப்பினாள். எனக்கும் படித்துக் காட்டினாள். ‘எண்ணெயை அனுப்புங்கள். ஒரு வாரம் அப்பத்தா அதில் சமைப்பார்கள். வாசம் எப்படி, பொரித்த வடகம் எப்படி என்று கண்டதைச் சொல்வார்கள். படத்தின் ஆரம்பத்தில், இது பணம் வாங்கிச் செய்த விளம்பரம் என்று தமிழில் நானே சொல்வேன். நாற்பது வருஷக் கதை மட்டும் வேண்டாம். கூலி அதே ஆறாயிரம்’ என்று எழுதியிருந்தாள். கெஞ்சலும் இல்லை, வீறாப்பும் இல்லை. குமரப்பா கையெழுத்துப் போட்டிருக்கக்கூடிய கடிதம்.

கம்பெனிக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள், ஆறாயிரத்துக்குப் பதில் பன்னிரண்டாயிரம் கொடுத்தார்கள் என்று முடித்தால் கதை நன்றாக இருக்கும். நான் கதை எழுதுகிறவன்தான்; ஆனால் இது கதை அல்ல. ‘மன்னிக்கவும், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம்’ என்று இரண்டு நாளில் பதில் வந்துவிட்டது. நண்பர் பருத்தி வியாபாரியிடம் முன்பணம் வாங்கி ஹாஸ்டல் கடனைக் கட்டினார். அதனால் பருத்தியின் விலையில் அவருக்குக் கொஞ்சம் நஷ்டம். உண்மைக்கும் ஒரு விலை உண்டு என்பதை மறைப்பது, எண்ணெயைப் பற்றிப் பொய் சொல்வதைப் போன்றதுதான். ஆகையால் அதையும் எழுதிவிட்டேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு அவளுடைய புதுப் படம் ஒன்றைப் பார்த்தேன். அப்பத்தா அதிரசம் சுடுகிறாள். அடுப்புக்குப் பின்னால் சுவரில், முன்பு இல்லாத ஒரு படம் மாட்டியிருந்தது. காந்திஜியின் படம் அல்ல. நட்சத்திரத்தின் படமும் அல்ல. தலையில் துண்டு கட்டிய ஒரு சம்சாரியின் படம். அது யார் என்று கீழே பல பேர் கேட்டிருந்தார்கள்.

“எங்க முதலாளி” என்று இரண்டே வார்த்தையில் பதில் எழுதியிருந்தாள் அந்தப் பெண்.